மருமக்கள்வழித் தீனம்

என் செல்லத் தாணு அக்கா,

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால், "ஏட்டி பகவதி, மொதல்ல ஒரு வாய் தண்ணி குடி, பொறவு கத்து" என்பாய். தண்ணீர் குடித்தாயிற்று. கோபம் அப்படியே இருக்கிறது.

மாமா மகன் மாதேவன் அத்தானுக்குத் துள்ளல் வந்துவிட்டது. நம் மாமாவைக் கொண்டுபோன அதே தீனம். கையும் காலும் தன்னால் வெட்டி வெட்டி இழுக்கிறது, முகம் கோணுகிறது, சோற்றை அள்ளினால் பாதி தரையில் விழுகிறது. நீ போன மறுவருஷமே விரல்களில் தொடங்கிவிட்டதாம். வீட்டார் வெளியே விடாமல் மறைத்து வைத்திருந்தார்கள். கோயில் கொடியேற்றத்துக்கு வந்த இடத்தில் கூட்டத்துக்குள் தடுமாறி ஒருவர் மேல் விழுந்தார். "குடிச்சிருக்காரா?" என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் ஊருக்கு வெளிச்சமாயிற்று.

இத்தனை காலம் யாருக்கு வரும் வரும் என்று ஊர் காத்துக்கொண்டிருந்தது? உனக்கு. வந்தது யாருக்கு? உன்னை வேண்டாம் என்ற வீட்டு மகனுக்கு. கேட்டால் நீ சிரிப்பாயா, அழுவாயா? எனக்கு இரண்டும் வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடுகிறேன்.

இதை அச்சில் வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். சட்டம் மாறும்வரை எங்கள் ஆட்களுக்கு மருமக்கள்வழிதான். ஒருவர் கண்ணை மூடினால் அவருடைய வயலும் வீடும் அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. அவருடைய சகோதரி பெற்ற பிள்ளைகளுக்குப் போகும். அந்த மருமக்கள்தான் அவருடைய குடும்பம். சொந்தப் பிள்ளைகள் தாயின் குடும்பத்தில் சேர்ந்தவர்கள். அப்பன் வீட்டிலேயே உண்டு உறங்கி வளர்ந்தாலும் அவர்கள் அப்பன் குடும்பத்தில் சேர்த்தி இல்லை.

சொத்து போகிற வழியில்தான் நோயும் போகும் என்று ஊர் முடிவு கட்டியது. மாமா படுத்ததும் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். மருமக்கள்வழித் தீனம். மாமாவின் மாமா கடைசிக் காலத்தில் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து கிடந்தார் அல்லவா? அவருக்கு வந்தது வேறு, இவருக்கு வந்தது வேறு. ஆனால் யார் பார்த்தார்கள்? மாமன் படுத்தான், மருமகன் படுத்தான், அடுத்தது அவனுடைய சகோதரி மக்கள் இரண்டு பேரும் படுப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு பேர் நீயும் நானும்.

நம் பாட்டா, அம்மைக்கும் மாமாவுக்கும் அப்பா, துள்ளித் துள்ளித்தான் செத்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீயே பிடித்திருக்கிறாய், நான் அப்போது குழந்தை. ஊர் முழுக்க அதைப் பார்த்தது. ஆனால் பாட்டா வேறு தறவாட்டுக்காரர், அவருடைய தாய்வழிக் குடும்பம் வேறு, அவருடைய நோய் அவருடைய மருமக்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள். கண்ணுக்கு முன்னால் நடந்ததைக்கூடக் காணாமல் போவதற்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டும், அக்கா!

உனக்கும் மாதேவன் அத்தானுக்கும் என்றுதான் சின்ன வயதிலிருந்தே பேச்சு. மாமன் மகன், முறைப்பையன். அவர் வந்தால் நீ அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டாய், ஆனால் அன்றைக்குப் பார்த்துத் துவையலில் உப்பு இரண்டு மடங்கு விழும். மாமா படுத்த பிறகு அம்மை போய்க் கேட்டாள். மாமி வாசலிலேயே வைத்துச் சொன்னாள்: "அந்தத் தறவாட்டுத் தீனத்தை என் மவன் தலையில கெட்டி வைக்கவா? அது உங்க ரத்தத்துல உள்ளது. என் பிள்ளைகளுக்கு வராது."

அத்தான் உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை.

மாமி சொன்ன அந்த ஒரு பேச்சு நம் வீட்டை விட்டுப் போகவே இல்லை. சொந்த மாமியே சொல்லிவிட்டாள், அப்புறம் அந்நியன் எவன் வருவான்? வந்தவர்கள் பெண் பார்க்க வரவில்லை, கை பார்க்க வந்தார்கள். நீ தண்ணீர்ச் செம்பை நீட்டினால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், தண்ணீர் ததும்புகிறதா என்று பார்ப்பார்கள். வேண்டாம் என்று நேரில் சொல்ல ஒருவருக்கும் நாக்கு இல்லை. போனவர்கள் திரும்பி வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கோட்டாற்றுக் கல்யாண வீட்டில் நடந்தது நினைவிருக்கிறதா? பாயசப் போணி அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது, பிடிதுணி நழுவியது, சூடு பொறுக்காமல் நீ கையை விட்டாய். எவளாக இருந்தாலும் விட்டிருப்பாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் உன் கையைத்தான் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "தொடங்கியாச்சு." உன் கால் முழுக்கப் பாயசம் கொட்டிக் கொப்பளித்திருந்தது, அதை ஒருத்தியும் கேட்கவில்லை. எண்ணெய் தடவ ஓடி வந்தது நான் ஒருத்தி. அன்றைக்கு அந்தப் பந்தலில் நான் போட்ட சத்தம் இன்றைக்கும் சிலபேர் காதில் இருக்கும்.

உன்மேலும் கோபம்தான். நீயும் நம்பினாயே! காலையில் எழுந்ததும் விரலை விரித்து வைத்துப் பார்ப்பாய். எதையாவது மறந்துவிட்டால், மாமாவுக்கும் மறதி வந்ததே என்று முகம் வெளுத்துப்போகும். "எனக்கு வந்தா அம்மையப் பாக்கவிடாதட்டி" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாய். அம்மை நரைத்துப் பழுத்துக் கடைசி நாள்வரை கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நாம் இரண்டுபேரும் பயந்துகொண்டிருந்தோம்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது பனி, வெறும் பனிக்காய்ச்சல். சாகும்போதும் உன் கை என் கையில் இருந்தது, ஆடவில்லை. சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு முற்றத்தில் நின்று ஒருத்தி சொன்னாள்: "தீனம் வாறதுக்கு முன்ன போய்ச் சேந்தா, புண்ணியவதி." முற்றம் பெருக்குகிற வாரியலை எடுத்தேன். அம்மை இருந்திருந்தால் தடுத்திருப்பாள், அவளும் இல்லை. அந்த மனுஷி வந்த வேகத்தைவிட நல்ல வேகத்தில் போனாள்.

சட்டம் வந்தது, அக்கா. மாமா செத்தபோது வயலிலும் வீட்டிலும் பங்கு அத்தானுக்குப் போயிற்று. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, பெற்ற மகனுக்குப் போவது நியாயம்தான். ஆனால் நோயை மட்டும் ஊர் பழைய சட்டப்படியே நம் மடியில் விட்டுவைத்தது.

அத்தானை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். நீ முறைக்காதே. "நீ டீச்சர், டாக்டர்கிட்ட பேசத் தெரியும்" என்று மாமி வந்து நின்றாள். வண்டியில் போகும்போது அத்தான் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பேச்சு இப்போது குழறுகிறது. ஒரே ஒருமுறை உன் பெயரைச் சொன்னார். "என்ன?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார், அல்லது தலை தன்னால் ஆடியதோ என்னவோ.

மிஷன் ஆசுபத்திரியில் இருக்கிற டாக்டர் குளச்சல் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். கைகாலைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க குடும்பத்துல ஆருக்காவது இப்பிடி உண்டுமா?"

அத்தான் சொன்னார்: "இல்ல டாக்டர். எங்க குடும்பத்துல ஆருக்கும் இல்ல."

பொய் சொல்லவில்லை, அக்கா! மனதார அப்படித்தான் சொன்னார். மாமியின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கல்லுக் கல்லாக இருக்கிறார்கள், அவர்கள்தானே அவருக்குக் குடும்பம். டாக்டரும் சரியென்று தலையாட்டிவிட்டு எழுதப் போனார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, ஆசுபத்திரி என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

"இவருக்க அப்பாவுக்கு உண்டு! அவரு செத்ததே இதுலதான்!"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இப்பம்தானே குடும்பத்துல ஆருக்கும் இல்லண்ணு சொன்னாரு?"

"அப்பா குடும்பத்துல சேத்தி இல்ல டாக்டர்."

அவர் என்னையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நான் முழுக்கச் சொன்னேன். பாட்டாவைச் சொன்னேன், மாமாவைச் சொன்னேன், ஊசியில் நூல் கோத்த அம்மையைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "கடக்கரைக்காரங்ககிட்ட கேட்டா அப்பன் தீனத்தைச் சொல்லுவினும். உங்க வயக்காட்டுப் பக்கத்து ஆளுககிட்ட கேட்டா மாமன் தீனத்தைச் சொல்லுவினும். உங்க பக்கத்துல மட்டும் இது ஒரு வழியும் இல்லாம வானத்துலேந்து விழுகுதோண்ணு நான் நெனச்சதுண்டு" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். இது அப்பன் வழியாகவும் வரும், அம்மை வழியாகவும் வரும். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவருக்கு வரும், ஒருவருக்கு வராது. வராமல் தப்பியவரோடு அந்தக் கிளையில் அது தீர்ந்துவிடும், அவர் பெற்ற பிள்ளைகளுக்கு வராது. அம்மை அந்த வயதுவரை நன்றாக இருந்தாள் என்றால் அவளுக்கு இல்லை. அவளுக்கு இல்லை என்றால் உனக்கும் எனக்கும் இல்லை.

கேட்டாயா, அக்கா? உனக்கு வருவதாக இருக்கவே இல்லை. விரலை விரித்துப் பார்த்த அத்தனை காலையும் சும்மா பார்த்த காலை. யாரிடம் போய் இதைத் திருப்பிக் கேட்பது? எந்தக் கச்சேரியில் இதற்கு வழக்குப் போடுவது?

போகிற போக்கில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். தன்னிடம் வருகிற துள்ளல்காரர்கள் அனேகமாக ஆண்களாம், அதுவும் நாலு காசு உள்ள வீட்டு ஆண்களாம். "ஏனோ தெரியல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

"நான் சொல்லுகேன் டாக்டர். வயல்காரனுக்கு வந்தா நரம்புத் தளர்ச்சிண்ணு வண்டி பூட்டி இங்க கொண்டு வருவாவ. கூலிக்காரனுக்கு வந்தா கள்ளுண்ணு சொல்லி ரெண்டு அடி குடுப்பாவ. பெண்ணுக்கு வந்தா பேயிண்ணு மந்திரவாதிகிட்ட கொண்டுபோய் வேப்பங்குழையால அடிப்பாவ. மிச்சம் உள்ளவிய எல்லாம் எங்க இருக்காவண்ணு நீங்க போய்த்தான் பாக்கணும்."

டாக்டர் கோபப்படவில்லை. "சரிதான் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அத்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

இனிமேல்தான் விஷயமே. அத்தானுக்கு ஒரு மகள், உமையாள். நீ பார்க்கும்போது பாவாடை கட்டிக்கொண்டு ஓடினவள், இப்போது கல்யாணம் பேசுகிற வயது. என்னிடம்தான் படித்தாள். பூதப்பாண்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. போன வாரம் மாப்பிள்ளையின் அம்மை என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"டீச்சர் பொய் சொல்லமாட்டாவண்ணு சொன்னாவ, அதான் வந்தேன். பெண்ணுக்க அப்பனுக்குத் துள்ளல் உண்டுண்ணு கேள்விப்பட்டோம். அது இருந்திட்டுப் போட்டு. அப்பன் தீனம் பிள்ளைக்கு வராதில்லியா? மருமக்களுக்குள்ளதுதானே அது? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்த நாற்காலியில் அவள் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு கேட்கிறாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு வார்த்தை போதுமாம்! உன்னை முடித்ததும் ஒரு வார்த்தைதானே. இப்போது அது என் வாயில் இருக்கிறது. மாமி உனக்குச் செய்ததை நான் மாமியின் பேத்திக்கு வட்டியும் முதலுமாகச் செய்யலாம். அதுவும் நான் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆசை வந்தது, அக்கா. உன்னிடம் மறைப்பானேன்? நன்றாகவே வந்தது.

"பெண்ணுகிட்ட பேசிட்டுச் சொல்லுகேன்" என்றேன்.

"பெண்ணுகிட்ட பேச என்ன இருக்கு?" என்றாள்.

வாய்வரை வந்ததை வெற்றிலைத் தட்டை நகர்த்துகிற சாக்கில் விழுங்கினேன்.

அவள் தெரு முனை திரும்பியிருக்க மாட்டாள், மாமி வந்து நின்றாள். கிழவியாகிவிட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறுகிறாள்.

"மக்கா, வராதுண்ணு சொல்லிடு. சின்னக் குட்டி. அவ என்ன பாவம் செய்தா?"

"எங்க அக்கா என்ன பாவம் செய்தா மாமி?"

மாமி அழத் தொடங்கினாள். "அண்ணைக்குத் தெரியாமச் சொல்லிட்டேன் மக்கா."

"தெரியாமத்தான் சொன்னிய. தெரிஞ்ச மாதிரில்லா சொன்னிய!"

கண்ணைத் துடைத்துவிட்டு அவள் சொன்னது எனக்குப் புதிது. "அந்த வீட்டுல நான் இருந்ததே உங்க மாமாக்கு மூச்சு உள்ளவரைக்குந்தான். நாளைக்கு உங்க அம்மை எறங்குண்ணு சொன்னா பிள்ளைகளையும் கூட்டிட்டு எறங்கணும். வயலு உங்களுக்கு, வீடு உங்களுக்கு. நல்லது எல்லாம் உங்களுக்குண்ணா இந்தக் கெட்டதும் உங்களுக்குத்தானே இருக்கணும்? அப்பிடித்தான் நெனச்சேன். வேற எப்பிடி நெனைக்க?"

அவளுடைய பயம் எனக்குப் புரிகிறது, அக்கா. நம் அம்மை அப்படி இறக்கிவிட்டிருக்க மாட்டாள் என்று சொல்லலாம். ஆனால் எத்தனை வீட்டில் இறக்கிவிட்டார்கள்! புரிந்ததும் கோபம் தணியும் என்பார்கள். எனக்கு ஏறத்தான் செய்தது. இவளைப் பயமுறுத்தி வைத்த அதே ஏற்பாடுதானே உன்னையும் தின்றது? மாமிக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் உமையாளைக் குளத்தங்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், போட்டு உடைத்தேன். பாட்டா, மாமா, அத்தான், டாக்டர் சொன்னது, மாப்பிள்ளையின் அம்மை கேட்டது, மாமி அழுதது, எல்லாம். உன்னையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அப்பம் எனக்கும் வரலாம்" என்றாள்.

"வரலாம். வராமலும் இருக்கலாம்."

"எப்பம் தெரியும்?"

"அது டாக்டருக்கும் தெரியாது மக்கா."

குனிந்து ஒரு கல்லை எடுத்துக் குளத்தில் வீசினாள். பிறகு திரும்பினாள். முகத்தில் என்ன கோபம்! என் கோபமெல்லாம் அதற்கு முன்னால் சும்மா.

"அந்த அம்மா என்னைப் பத்தி உங்ககிட்ட கேட்டா. ஆச்சி என்னைப் பத்தி உங்ககிட்ட அழுதா. என்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல்ல. இல்லியா சித்தி?"

"இல்ல."

"நான் போய் அவியகிட்டச் சொல்லுகேன். உள்ளது உள்ளபடி. அவருகிட்டயும் சொல்லுகேன், அவிய அம்மைகிட்டயும் சொல்லுகேன்."

"வேண்டாம்ணு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். என் மொகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

நான் அவள் தலையைத் தடவினேன். உன்னைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது. நீ இல்லையே, அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள், வெட்கம்.

நாளைக் காலையில் போகிறோம். ஊர் என்ன சொல்லும், மாமி என்ன ஆவாள், அத்தான் அதைத் தாங்குவாரா, எனக்குத் தெரியாது. நீ இருந்தால் இதற்குச் சம்மதிப்பாயா? அவளை வாயை மூடிக்கொண்டு கட்டிக்கொடு, நாலு வருஷமாவது நன்றாக இருக்கட்டும் என்பாயோ? அப்படிச் சொன்னாலும் சொல்வாய், உன் மனது அப்படி. இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று உமையாளிடமே கேட்டேன். முழுக்க வாசித்தாள். "நாளைக்குப் போயிட்டு வந்த பொறவு குடுங்க சித்தி. மொதல்ல நான் சொல்லணும்" என்றாள். ஆகையால் இதை ஊர் வாசிக்கிறது என்றால் அவள் சொல்லி முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

அவள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், அக்கா. "நீங்க கூட வரணும். ஆனா ஒண்ணும் பேசப்பிடாது."

என் வாய் உனக்குத் தெரியும். அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும், முகத்தைச் சுளித்தாலும், எழுந்து உள்ளே போனாலும், எனக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும். உனக்காக அம்மை பேசினாள், மாமி பேசினாள், பந்தியில் இருந்தவர்கள் பேசினார்கள், நானும் தொண்டை கிழியக் கத்தினேன். நீ என்ன சொல்ல நினைத்தாய் என்று இன்றைக்குவரை ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். நாளைக்கு அவள் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பகவதி